லோயர் பெர்த்தும் பன்னிரண்டாம் பிளாக்கும்

நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் “சொந்த ஊர் எது?” என்று கேட்டால் கொஞ்சம் திணறுவார். பிறந்தது சேத்தியாத்தோப்புப் பக்கம் என்பார். வீடு கட்டியிருப்பது தாம்பரத்துக்கு அப்பால் என்பார். “ஆனா நமக்கு ஊருன்னா நெய்வேலிதான் சார்” என்று முடிப்பார். அந்த ஊரில் அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸில் பிள்ளை பெற்று, பேர் வைத்து, படிக்கவைத்து, ஓய்வுபெற்றதும் சாவியை ஒப்படைத்துவிட்டு லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர். வாசலில் வைத்த பலாமரத்தை மட்டும் லாரியில் ஏற்ற முடியவில்லை.

1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. அடுத்த ஆண்டு நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. மறு ஆண்டே சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். யாருக்கும் அங்கே தாத்தா பாட்டி இல்லை. எனவே பக்கத்து வீட்டுக்காரரே சித்தப்பா ஆனார், எதிர் வீட்டு டீச்சர் அத்தை ஆனார். இடத்துக்கு அடையாளம் பிளாக் எண்தான். ஆளுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். ‘மைன்ஸ் சார்’, ‘தெர்மல் அண்ணன்’, ‘பன்னிரண்டாம் பிளாக் டீச்சர்’ என்று சொன்னால் போதும். அவர்களின் இயற்பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் பார்க்கும்போது, “யாரு இது?” என்று கேட்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது.

இப்படி ஒட்டவைத்த சொந்தங்கள் ஓய்வுக்குப் பிறகு கடலூர், புதுச்சேரி, விருத்தாசலம், சென்னைப் புறநகர், பெங்களூரில் மகன் வீடு என்று சிதறிப்போகின்றன. கொஞ்ச காலம் பிள்ளைகளின் கல்யாணங்களில் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைகளின் கணக்கு தீர்ந்ததும் துக்க வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். அங்கே வாய்விட்டுச் சிரிக்க முடியாது என்பது பெரிய குறை. “இனிமே இந்த மாதிரி எடத்துல பாத்துக்க வேணாம், எங்கேயாவது டூர் போவோம்” என்று ஒருவர் சொல்வார். அவர்தான் டூர் சார்.

பிளாக்குக்கு ஒரு டூர் சார் உண்டு. பணியிலிருந்தபோதும் அவர் சும்மா இருந்தவரில்லை. வில்லுடையான்பட்டு முருகனுக்குப் பங்குனி உத்திரம் வந்தால் நீர்மோர்ப் பந்தலுக்கு வசூல் அவர்தான். தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி தரிசனத்துக்கு அதிகாலையில் கூட்டம் சேர்த்து நடத்திக்கொண்டு போனதும் அவர்தான். ஷிஃப்ட் பார்த்து ஆள் பிரித்துப் பழகிய மனிதரை அறுபது வயதில் வீட்டில் உட்காரச் சொன்னால் என்ன செய்வார்? மனைவிக்கு ஷிஃப்ட் போடப் பார்த்தார். நடக்கவில்லை. அந்த வீட்டு அமைதிக்காகவே டூர் என்ற ஏற்பாடு தேவைப்பட்டது என்று அவர் மனைவி சொல்லிக் கேட்கலாம்.

இந்த ஆண்டு காசி என்று முடிவானதும் ஒரு நீள நோட்டு வாங்குவார். எல்லாரிடமும் ஸ்மார்ட்போன் இருக்கிறது, வாட்ஸப் குழு இருக்கிறது. ஆனால் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே பயணத் தேதி புதைந்துபோய்விடும். நோட்டு புதையாது. அதில் பெயர், வயது, சர்க்கரை உண்டா, மூட்டுவலி எந்தக் கால், குறட்டை விடுவாரா என்று பத்திகள். குறட்டைப் பத்தியில் ஆண்கள் எல்லாரும் ‘இல்லை’ என்று எழுதியிருப்பார்கள். பக்கத்திலேயே டீச்சரின் சிவப்பு மைத் திருத்தம் இருக்கும்.

அடுத்தது ரயில் டிக்கெட். டூர் சாரின் முழு அறிவும் வெளிப்படும் இடம் இதுதான். முன்பதிவு 120 நாளுக்கு முன் திறந்த காலம் 2024 அக்டோபரோடு போயிற்று. இப்போது 60 நாள்தான். மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. அதுவரை ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் தள்ளுபடி. “ரயில்வே எங்களுக்குப் பத்து சதவீதம் கூட மரியாதை கொடுத்துச்சு, அதையும் பறிச்சுட்டாங்க” என்று தெர்மல் அண்ணி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் பணம் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் லோயர் பெர்த். ஸ்லீப்பர் பெட்டியில் எட்டுப் பெர்த் கொண்ட ஒரு தடுப்பில், சைடு லோயரையும் சேர்த்தால் மூன்றுதான் லோயர். முப்பத்திரண்டு பேர் போனால் நான்கு தடுப்பு, பன்னிரண்டு லோயர். முப்பத்திரண்டு பேருக்கும் மூட்டுவலி. சரி, மூத்தவர்களுக்கான ஒதுக்கீடு இருக்கிறதே என்றால், அது தனியாகவோ இருவராகவோ டிக்கெட் எடுப்பவர்களுக்குத்தான். ஆறு ஆறு பேராகப் போட்டால் எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கலாம், ஆனால் பாதிப் பேர் மச்சில் ஏற வேண்டும். இரண்டு இரண்டாகப் போட்டால் லோயர் கிடைக்கும், ஆனால் மைன்ஸ் சார் எஸ்-2-இலும் தெர்மல் அண்ணன் எஸ்-9-இலும் உட்கார்ந்திருப்பார்கள். இந்த இக்கட்டை ரயில்வே வாரியம் யோசித்திருக்காது. டூர் சார் யோசித்தார். இரண்டு இரண்டாகவே போட்டார். வண்டி கிளம்பியதும் எஸ்-2 முதல் எஸ்-9 வரை கெஞ்சி, இடம் மாற்றி, இட்லி கொடுத்துச் சமாதானம் செய்து, கூடூர் வருவதற்குள் பன்னிரண்டாம் பிளாக்கை ஒரே பெட்டியில் குடியேற்றிவிட்டார். வடக்கே போகும் இளைஞர்கள் ஆறேழு பேர் மேல் பெர்த்துகளில் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி போயிற்று.

குடியேற்றத்தில் பழைய ஒழுங்கும் திரும்பிவிடும். குவார்ட்டர்ஸில் யாருக்கு வலப்பக்கம் யார் இருந்தார்களோ அதே வரிசையில் உட்கார்கிறார்கள். யாரும் சொல்லி உட்காரவில்லை. பழைய சண்டைகளும் அப்படியே. துணி காயப்போடும் கொடியை எல்லை தாண்டிக் கட்டியது யார் என்ற வழக்கு சத்னா வரை நடந்தது.

ஆட்களை எண்ணுவது டூர் சாரின் வாழ்நாள் வேலை. ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் எண்ணுவார். முப்பத்தொன்று வரும். மறுபடி எண்ணுவார், முப்பத்தொன்றுதான். யார் இறங்கினார்கள் என்று பதறிக் கழிவறைக் கதவுகளைத் தட்டுவார். வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்து எண்ணிய அதே கணக்கு. “உங்களையும் சேத்துக்குங்க சார்” என்று டீச்சர் படுத்தபடியே சொல்வார், கண்ணைத் திறக்காமல்.

வழியில் நர்மதை வந்தது, பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விந்திய மலைச் சரிவுகள் வந்தன, சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்கு முன்னால், சந்திரபூர் பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்தபோது மொத்தப் பெட்டியும் எழுந்து ஜன்னலுக்கு வந்தது. கோயில் கோபுரத்துக்குக்கூட அவ்வளவு பேர் எழுந்ததில்லை. தெர்மல் அண்ணன் புகையின் நிறத்தை வைத்தே கொதிகலனின் உடல்நிலையைச் சொன்னார். மைன்ஸ் சார் ஒப்புக்கொள்ளவில்லை.

“இவனுங்களுக்கு என்னங்க, கெட்டி நிலக்கரி. தோண்டுனோமா எரிச்சோமான்னு போயிடும். நம்ம லிக்னைட்ல பாதிக்குப் பாதி ஈரம். கீழேருந்து தண்ணி வேற பீச்சும். ராப்பகலா பம்ப் பண்ணாத்தான் சுரங்கத்துல காலை வைக்கலாம். அதுல கரண்ட் எடுத்தோம்ல!”

தன் நிலக்கரி மட்டமானது என்பதை இவ்வளவு பெருமையாகச் சொல்லும் மக்களை வேறெங்கும் பார்க்க முடியாது. இதே மைன்ஸ் சாரின் தாம்பரத்து வீட்டில் வாரத்துக்கு இரண்டு தடவை மின்வெட்டு. அப்போதெல்லாம் அவர் வாசலுக்கு வந்து, “நான் வெட்டிக் குடுத்த கரண்ட்டுடா” என்று இருட்டைப் பார்த்துச் சொல்வதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள்.

காசியில் அனுமான் படித்துறைப் பக்கம் தமிழ்க் குரல் எங்கும் கேட்கும். பாரதி இளமையில் வாழ்ந்த பகுதி அது என்று டீச்சர் விளக்கினார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். மாலையில் கங்கை ஆரத்தி. விளக்குகள் சுழன்றன, சங்கு ஊதினார்கள். சங்குச் சத்தம் கேட்டதும் தெர்மல் அண்ணனின் கை தானாக மணிக்கட்டுக்குப் போயிற்று. ஷிஃப்ட் மாறுகிற நேரம். அப்புறம் ஆரத்தியை யார் பார்த்தார்கள்? நைட் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்த காலம், லெக்கோ அடுப்பு, அதைப் பற்றவைக்கப் பட்ட பாடு என்று பேச்சு ஓடியது. லெக்கோ என்பது பழுப்பு நிலக்கரியைச் சுட்டு நெய்வேலியில் தயாரித்த அடுப்புக்கரி. பற்றுவதற்கு நேரமாகும், பற்றிவிட்டால் லேசில் அணையாது. மணிகர்ணிகைக்கு எதிரில் படகில் உட்கார்ந்துகொண்டு இந்த விவரத்தை ஆறு பெண்கள் ஒரே சமயத்தில் சொன்னதைப் படகோட்டி ஏதோ தென்னாட்டு மந்திரம் என்று நினைத்திருக்கலாம்.

அயோத்தியிலும் இதே கதை. ராமர் கோயில் வரிசையில் நிற்கும்போது, 1987-ல் ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் ராமாயணம் வந்ததே, அதை யார் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம் என்று ஒரு சர்ச்சை. டி.வி. தங்கள் வீட்டில்தான் முதலில் வந்தது என்று மூன்று குடும்பங்கள் உரிமை கொண்டாடின. சந்நிதி வந்ததும் கும்பிட்டுவிட்டு, வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

கயாவில்தான் உண்மையான சோதனை. பிண்டம் போட்டுவிட்டு, அட்சயவடத்தின் அடியில் ஒரு இலை, ஒரு காய், ஒரு பழம் என்று பிடித்ததை விட்டுவிட வேண்டும். அதை ஆயுளுக்கும் தொடக்கூடாது. பிடித்ததை விட வேண்டும் என்பது சாஸ்திரம். பாகற்காயை விட்டவர்கள் பதினோரு பேர். சர்க்கரை நோய்க்காரர்கள் மருத்துவர் ஏற்கெனவே நிறுத்திய மாம்பழத்தைப் பெருந்தன்மையோடு விட்டார்கள். சாஸ்திரிகள் பாவம், தமிழ்நாட்டு விளைச்சலை ஓரளவு அறிந்தவர் போலிருக்கிறது. “பலாப்பழம் விடறேளா?” என்று ஒருவரைக் கேட்டுவிட்டார். பண்ருட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்ந்த கூட்டத்திடம் கேட்கிற கேள்வியா அது? மொத்தப் பேரும் ஒரே குரலில் மறுத்தார்கள். பித்ருக்கள் கரையேறுவதற்குப் பப்பாளி போதும் என்று டூர் சார் பேசி முடித்தார்.

ஊர் திரும்பியதும் கணக்கு ஒப்படைப்பு. தலைக்கு இவ்வளவு மிச்சம் என்று சில்லறை சுத்தமாகக் கவரில் போட்டுத் தருவார். அதை யாரும் வாங்கமாட்டார்கள். “அடுத்த டூருக்கு இருக்கட்டும்” என்பார்கள். அடுத்த டூர் நடப்பதற்கு உத்தரவாதமே அந்தக் கவர்தான்.

ஒரு தடவை, எங்கே போகலாம் என்ற கூட்டத்தில் அந்தமானும் குஜராத்தும் அடிபட்டுக்கொண்டிருந்தபோது, டீச்சர் மெதுவாக, “நெய்வேலிக்கே போனா என்ன?” என்றார். டூர் சாருக்கு முதலில் பிடிக்கவில்லை. லோயர் பெர்த் இல்லாத பயணத்தில் அவருக்கு என்ன வேலை? ஆனாலும் வேன் பிடித்தார். ஆர்ச் கேட்டில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். சுரங்கத்தின் விளிம்புக்குப் போய் நின்றார்கள். கீழே, அடுக்கடுக்காக இறங்கும் பள்ளம். தொலைவில் பக்கெட் வீல் எந்திரம் ஒன்று மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அது எத்தனை லிட்டர் பக்கெட் என்று மைன்ஸ் சார் தொடங்குவதற்குள், கூட்டத்தில் அதிகம் பேசாத ஒருவர் கையை நீட்டினார். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து, அதற்கு ஈடாக வேலைக்கு வந்தவர் அவர். “எங்க ஊரு அங்கதான் இருந்துச்சு” என்றார். விரல் பள்ளத்தைக் காட்டவில்லை. பள்ளத்துக்கு மேலே வெறும் காற்றைக் காட்டியது. குவார்ட்டர்ஸை விட்டவர்களுக்காவது போய்ப் பார்க்கக் கதவு என்று ஒன்று இருக்கிறது. மைன்ஸ் சார் அன்றைக்கு லிட்டர் கணக்கைச் சொல்லவில்லை.

பிறகு பன்னிரண்டாம் பிளாக். மரங்கள் இன்னும் பெருத்து, சாலை நிழலாகக் கிடந்தது. டூர் சாரின் பழைய குவார்ட்டர்ஸில் ஒரு இளம் குடும்பம். முப்பத்திரண்டு பேர் வாசலில் நிற்பதைப் பார்த்து அந்தப் பெண் ஏதோ போராட்டம் என்று நினைத்துக் கதவைப் பாதி சாத்தினார். விவரம் தெரிந்ததும் உள்ளே கூப்பிட்டார். பலாமரம் இருந்தது. அதில் காய்த்தவற்றின் பங்கீடு குறித்து இரண்டு அத்தைகள் உடனே பழைய விவாதத்தில் இறங்கினார்கள். டூர் சார் நேராகச் சமையலறைக்குப் போனார். சுவரில் மகனின் உயரத்தைப் பென்சிலால் குறித்த கோடுகள் வெள்ளையடிப்பில் போய்விட்டன. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

“அங்கிள், இந்தக் குழாய் உங்க காலத்துலேர்ந்தே இப்படித்தானா?”

“கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்திருந்தேனே!” என்றார் டூர் சார், நேற்று எழுதியவர் குரலில்.

அந்தப் பெண்ணின் கணவர் ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து வந்து சேர்ந்தார். இருந்த டம்ளர்கள் போதாமல் காப்பி கிண்ணங்களிலும் வந்தது. டூர் சார் நீள நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் ஒரு புதிய வரி போட்டு, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார்.

“தம்பிக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ்?”

“இருபத்தாறு இருக்கு சார்.”

“பரவாயில்ல, எழுதிக்கிறேன். குறட்டை உண்டா?”