கறுப்புத் திரையும் ஒரு நடுவிரலும்

லினக்ஸின் கதையைச் சுதந்திரப் போராட்டம் ரேஞ்சுக்குச் சொல்பவர்கள் உண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்காதீர்கள். அது டிரைவர் கிடைக்காதவர்களின் புலம்பல்.

ஆதிபுருஷர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1980 வாக்கில் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரின்டரைத் தானம் செய்தது. அதில் ஓயாமல் பேப்பர் சிக்கியது. பேப்பர் சிக்கினால் தகவல் சொல்லும்படி அதன் மென்பொருளை மாற்ற மனிதர் சோர்ஸ் கோட் கேட்டார், கிடைக்கவில்லை. நாமாக இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்போம். அவரோ கோபத்தை அணையவிடாமல் காத்து, 1983-இல் குனு என்று ஒரு கட்டற்ற மென்பொருள் இயக்கத்தையே அறிவித்துவிட்டார்!

1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற கெர்னலோடு, அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதியோடு, வந்தார். சும்மா பொழுதுபோக்குக்கு என்றார். அடக்கம்! பின்னால் வந்தவர்கள்தான் திரையில் படம் வருவதற்காகத் தங்கள் பொழுதையெல்லாம் போக்கினார்கள்.

அன்றைக்குத் திரையில் படம் காட்டும் எக்ஸ் விண்டோவின் கான்ஃபிக் ஃபைலை, மானிட்டரின் ஃப்ரீக்வென்சி உட்பட, கையாலேயே எழுத வேண்டும். எண் பிசகினால் மானிட்டரே பழுதாகலாம் என்று எச்சரிக்கை வேறு. வால்பேப்பர் பார்க்க ஆசைப்பட்டவன் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்க வேண்டிய காலம்.

பிறகு வந்தது என்விடியா. கிராஃபிக்ஸ் கார்டு பிரமாதம், அதை இயக்கும் டிரைவர் பரம ரகசியம். ஆர்வலர்கள் கார்டின் நடத்தையைத் துப்பறிந்தே 'நூவோ' என்ற டிரைவரை எழுதினார்கள். 2010-இல் அது கெர்னலுக்குள் நுழைந்தது. சில கார்டுகளில் அதுவே மக்கர் செய்து திரை கறுத்தது. கைவைத்தியம்: பூட் ஆகும்போது 'நோமோட்செட்' என்று அடிப்பது. அர்த்தம் புரிகிறதா? கெர்னலே, டிஸ்ப்ளேயில் கை வைக்காதே!

அடுத்து ஆப்டிமஸ் லேப்டாப்கள். ஒரே பெட்டிக்குள் இன்டெல் கிராஃபிக்ஸ் ஒன்று, என்விடியா ஒன்று. லினக்ஸில் இரண்டையும் சமாளிக்கக் கிளம்பியது 'பம்பிள்பீ' திட்டம். 2011-இல் அதன் இன்ஸ்டால் ஸ்கிரிப்டில், அழிக்கும் கட்டளை ஒன்றில் தவறி ஒரு ஸ்பேஸ் விழுந்தது. அவ்வளவுதான், புரோகிராம்கள் குடியிருக்கும் 'யுஎஸ்ஆர்' ஃபோல்டர் மொத்தமும் காலி. கிராஃபிக்ஸ் பிரச்சினையும் இல்லை, சிஸ்டமும் இல்லை.

2012 ஜூன், பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகம். மேடையில் டோர்வால்ட்ஸ், அதே மாதம் மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு பெற்ற பெரிய மனிதர். சபையில் ஒருவர் ஆப்டிமஸ் தொல்லையைச் சொன்னதும் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டி, என்விடியாவைக் கெட்ட வார்த்தையில் வாழ்த்தினார். இயக்கத்தின் எத்தனையோ கொள்கை அறிக்கைகளை யாரும் படிக்கவில்லை. விரல் மட்டும் மீம் ஆகி உலகம் சுற்றியது!

விரலுக்கு மசியாத என்விடியாவை 2022 பிப்ரவரியில் 'லாப்சஸ்' என்ற ஹேக்கர் கும்பல் கொள்ளையடித்தது. திருடிய தகவலை வெளியிடாமலிருக்க என்ன கேட்டார்கள் என்கிறீர்கள்? டிரைவரை ஓப்பன் சோர்ஸ் ஆக்கு! திருடனுக்கும் கறுப்புத் திரை வந்திருக்கும் போல.

அந்த மே மாதமே டிரைவரின் கெர்னல் பகுதியை என்விடியா ஓப்பன் சோர்ஸாகத் திறந்துவிட்டது. அந்தக் கும்பலால்தான் என்று சொல்ல ஆதாரமில்லை. வீட்டைத் திறந்து காட்டிவிட்டு பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட கதைதான்: முக்கிய வேலைகள் கார்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேரில் பத்திரமாக இருந்தன.

இன்று ஏஐ சர்வர்கள் பெரும்பாலும் என்விடியா கார்டோடும் லினக்ஸோடும்தான் ஓடுகின்றன. கொள்கை, கோபம், விரல் எதுவும் சேர்த்து வைக்காத சம்பந்தத்தைக் காசு சேர்த்து வைத்துவிட்டது. அந்த சர்வர்களில் இன்னொரு சௌகரியமும் உண்டு: பெரும்பாலானவற்றுக்கு மானிட்டரே கிடையாது.