நர்சம்மா வீட்டுக் கணக்கு

அஸ்தம்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஏற்காடு போகும் வழியில் வரும் ரவுண்டானா. சேலத்துக்காரர்களுக்கு மத்திய சிறை. சிறு வயதில் காய்ச்சல் வந்து படுக்கும்போதெல்லாம், அந்த மதிலுக்கு உள்ளே இருப்பவர்கள் என்னைவிடக் கொடுத்துவைத்தவர்கள் என்று தோன்றும். அங்கே வார்டராவது ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறுவார். எங்களுக்கு ஒரே ஆள்தான்.

அம்மா சேலம் பெரியாஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். நர்ஸ் வீட்டுப் பிள்ளைக்குச் சீக்கில் ஒரு சுகமும் கிடையாது. மற்ற வீடுகளில் காய்ச்சல் என்றால் ரொட்டி, ஹார்லிக்ஸ், அம்மா மடி, பள்ளிக்கூடத்துக்கு லீவு. எங்கள் வீட்டில் தெர்மாமீட்டர். பாதரசம் நூறைத் தொடவில்லையா, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். தொட்டுவிட்டால்? "நூத்தி ஒண்ணுதானே. எங்க வார்டுல ஒருத்தரு நூத்தி நாலோட எந்திரிச்சு டீ குடிக்கப் போயிட்டாரு." அந்த நூற்றி நாலு ஆசாமியை நான் பார்த்ததே இல்லை. என் பால்யத்தைக் கெடுத்தவர் அவர்தான்.

அம்மாவுக்குப் பாசம் உண்டு. அது எண்ணிக்கையாக வெளிவரும். ஊரிலிருந்து வரும் சித்தப்பாவிடம் சௌக்கியம் விசாரிக்க மாட்டாள். "மோஷன் ஒழுங்கா போகுதா? நாளைக்கு எத்தனை தடவை?" என்பாள். அதுவும் இலை போட்டுச் சாம்பார் ஊற்றும்போது. சித்தப்பா பதில் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைக்க முடியும்.

டிஸ்போசபிள் ஊசி வராத காலம் அது. கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் கொதிக்க வைத்து, மறுபடி மறுபடி பயன்படுத்த வேண்டும். ஊசி மழுங்கினால் கல்லில் தீட்டுவார்கள். தீட்டியபின் முனையைப் பஞ்சில் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு இழை சிக்கினாலும் முனையில் பிசிறு இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி கல்லுக்குப் போகும். இந்தப் பழக்கத்தில் அம்மா வீட்டுத் தையல் ஊசியையும் பஞ்சில் இழுத்துப் பார்த்துத்தான் பட்டன் தைப்பாள். சட்டைக்கு வலிக்கக் கூடாதாம்.

கோட்டை மாரியம்மனும் அம்மாவும் ஒரே டிபார்ட்மெண்ட். இரண்டு பேருக்கும் அம்மைதான் வேலை. ஆடி மாதம் கோயிலில் கூழ் வாங்கிக் குடித்துவிட்டு, அங்கேயே குழந்தைகளின் கையைத் திருப்பி அம்மை குத்திய தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பாள். 1975இல், பெரியம்மை கண்ட ஆளைப் பற்றித் தகவல் தந்தால் ஆயிரம் ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. அன்றைக்கு அது நல்ல காசு. அம்மாவும் தெருத்தெருவாகக் கண் வைத்துப் பார்த்தாள். அகப்படவில்லை. அந்த வருஷத்தோடு இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. நாட்டுக்கு நல்லதுதான். எங்களுக்கு ஒரு மர்ஃபி ரேடியோ போச்சு.

எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பாடச் சொல்வார்கள், சமைக்கத் தெரியுமா என்று கேட்பார்கள். அம்மா எழுந்து போய்ப் பெண்ணின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தாள். சபை திகைத்துப் போனது. "ரத்தம் கம்மியா இருக்குதுங்க. மத்தபடி தங்கமான புள்ளை" என்று தீர்ப்பு சொன்னாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மனைவி முருங்கைக்கீரை தின்றுகொண்டிருக்கிறாள். பக்கத்து இலையில் நானும்.

சேலத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்தது 1986இல். அம்மா ரிட்டையர் ஆனது 1990இல். அதற்குப் பிறகு ஓ.பி. எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மாறியது. "ஏனுங்க நர்சம்மா, ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று வருவார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் சிரிஞ்சைத் தொடவே மாட்டாள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால், காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். அவ்வளவுதான் வைத்தியம். பிள்ளைகள் பிழைத்தன. ஆனாலும் ஊசி போடாத நர்ஸ் என்ன நர்ஸ் என்று தெருவுக்கு ஒரு மனக்குறை கடைசி வரை இருந்தது.

நர்ஸ் என்றாலே விளக்கு ஏந்திய நைட்டிங்கேல் படத்தை மாட்டிவிடுகிறோம். விளக்கு இருக்கட்டும். கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தைவிட ஆஸ்பத்திரி அசுத்தத்தில்தான் அதிகம் செத்தார்கள் என்று கணக்குப் போட்டு, படம் வரைந்து காட்டிய அம்மாள் அவர். லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர். 90 வயது வாழ்ந்தார். எங்கள் அம்மா 91. இந்த ஒரு விஷயத்தில் முந்திவிட்டோம்.

கடைசியாக அவளை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கண்ணை மூடிக் கிடந்தவள், வாட்சைக் கொண்டா என்றாள். டிரிப்ஸ் சொட்டை ஒரு நிமிஷம் எண்ணினாள். "எட்டு மணி நேரத்துக்கு ஒரு பாட்டிலுன்னா 21 சொட்டு போவணும். இது முப்பதுக்கு மேல போவுது." ஓடிவந்த நர்ஸ் சின்னப் பெண். சக்கரத்தைத் திருகிச் சரிசெய்துவிட்டு, திட்டுக்குத் தயாராக நின்றாள். அம்மா கேட்டது வேறு: "சாப்பிட்டியா கண்ணு? ராத்திரியில உனக்கு எத்தனை கட்டிலு?"

அந்தப் பெண் சொன்ன எண்ணிக்கையை இங்கே எழுதவில்லை. அம்மா என் பக்கம் திரும்பி, "இதுக்குச் சொட்டு தப்பாமப் போனாத்தான் ஆச்சரியம்" என்றாள். பயிற்சி மருத்துவமனை என்றால் மூன்று கட்டிலுக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரிகளில் ஐந்துக்கு ஒருவர். இது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரியிலாவது "கூப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு சிஸ்டர்" என்று குரலை உயர்த்துவதற்கு முன்னால், அந்த வார்டில் இருக்கும் கட்டில்களை ஒருமுறை எண்ணிவிடுங்கள்.