கடைமடைக் காவலர்க்கு ஒரு வாழ்த்துமடல்

காவிரிப் படுகையின் நீர் நிர்வாகத்தைத் தோளில் சுமக்கும் மாண்பமை பெருந்தகையீர்! தங்கள் புகழைப் பாடக் கல்லணை கண்ட கரிகாலனே எழுந்து வந்தாலும் வெட்கித் திரும்பியிருப்பான்.

தூர்வாரும் திருப்பணியை என்னென்பது! மரபுப்படி ஜனவரி 28-ல் மேட்டூர் அணையை மூடினால் ஜூன் 12 வரை ஆறு காய்ந்து கிடக்கும். அப்போதே மண்ணை அள்ளுவது அவசரக்காரர் செயல். ஏப்ரல் கழியட்டும், மே முதிரட்டும் என்று பொறுத்திருந்து, தண்ணீர் கல்லணையைத் தொடும் சுபவேளையில் பொக்லைனை வாய்க்காலில் இறக்கும் நிதானம் முனிவர்க்கும் வாய்க்காது. எத்தனை அடி வாரினீர்கள் என்று அளக்க வருகிறவனுக்கு இடுப்பளவுத் தண்ணீரே சாட்சி. அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவிப்பதிலும் ஒரு தொலைநோக்கு: முதல் மழைக்கே அது தாய்வீடு திரும்பிவிடும். மறு ஆண்டு டெண்டருக்குக் குறைவில்லை.

முறைவைத்து விடும் நீர் கடைமடையான தலைஞாயிறு பக்கம் எட்டிப் பார்ப்பதற்குள் முறையே முடிந்து மதகு இறங்கிவிடும். நேரடி விதைப்புச் செய்தவன் வானத்தைப் பார்த்து வாழும் உயர்ந்த பக்குவத்தை எய்துகிறான். அவனுக்குக் குறை வைக்கவே கூடாதென்று வடிகால்களில் ஆகாயத்தாமரையையும் வளர்த்து வைத்திருக்கிறீர்கள். ஜூனில் வராத தண்ணீர் நவம்பரில் வயலை விட்டுப் போவதே இல்லை.

2018-ஐ மறக்கலாகுமா! பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரி நீரில் தமிழகத்தின் பங்கை 419 டி.எம்.சி.யிலிருந்து 404.25 ஆக்கியது. டெல்டாவில்தான் நிலத்தடி நீர் இருக்கிறதே என்று கழித்ததே 10 டி.எம்.சி. கடலோரத்தில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் ஏறும் என்பதைக் கண்டும் காணாதிருக்கும் நாகரிகம் தங்களுக்கே உரியது. ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்தது. வாய்க்காலுக்கு அளந்து விட்ட கைகள், கொள்ளிடம் வழியே கடலுக்கு மட்டும் அளக்காமல் வழங்கின. வள்ளன்மை என்றால் இதுவன்றோ! 22-ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள், இந்தக் கொடைக்கு நாமா குறுக்கே நிற்பது என்று ஆற்றோடு போயின. 1836 முதல் உழைத்த கிழ அணைக்குப் பராமரிப்பு என்னும் தொந்தரவைத் தராத கருணைக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

கடைமடைப் பெருமக்களே, இத்தகைய புரவலர்களுக்கு நீங்கள் கைம்மாறாகத் தரக்கூடியது வாக்கு ஒன்றுதான். அவர்கள் உங்களுக்குத் தண்ணீர் விடும் அதே நேர்த்தியோடு அதை வழங்குமாறு பணிந்து வேண்டுகிறேன்.