பொண்ணு எந்த ஊருங்க?

கோவையிலிருந்து திருச்சி ரோட்டைப் பிடித்தால் பல்லடம் தாண்டியதும் பொங்கலூர். தறிச்சத்தமும் கோழிப்பண்ணை வாசமும் உள்ள ஊர். யூதர் என்று ஒருத்தரும் கிடையாது. ஏசு படங்களுக்காக யூதரும் கிறிஸ்தவரும் நூறு வருஷமாக மல்லுக்கட்டுகிற கதையைச் சொல்ல இங்கே இருக்கிறவனுக்கு என்ன அருகதை என்று கேட்பீர்கள். இதே ரோட்டின் ஒரு முனையில்தான் ஒருத்தர் ஏசு படத்தை வாங்கினார், மறுமுனையில் கொட்டகை கட்டினார். இது போதாதா?

அவர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோவைக்காரர், திருச்சியில் ரயில்வே உத்தியோகம். 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் புரொஜெக்டரும் துண்டுப் படங்களுமாகத் திருச்சிக்கு வந்து, உடம்பு முடியாமல் படுத்துவிட்டார். இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் புரட்டி வின்சென்ட் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, ரயில்வே வேலைக்குக் கும்பிடு போட்டார். அந்தச் சரக்கில் ஏசுவின் வாழ்க்கைப் படமும் இருந்தது. கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு பெஷாவர், ரங்கூன் வரை போய்க் காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் எழுந்தது. திரையில் ஆள் நடமாடுவதே அதிசயமாக இருந்த காலம். இதில் யாரை வில்லனாக்கியிருக்கிறார்கள் என்று கேட்க எவனுக்குத் தோன்றும்?

அமெரிக்காவில் தோன்றியது. 1927-ல் செசில் பி. டிமில் 'கிங் ஆஃப் கிங்ஸ்' எடுத்தார். ஏசுவைக் கொன்ற பழியை யூதர் எல்லோர் தலையிலும் கட்டுகிறார் என்று யூத அமைப்புகள் கிளம்பின. டிமில் யோசித்தார். பழி யார் மேலாவது விழுந்தாக வேண்டும். தலைமைக் குரு காய்பா கையில் மொத்தத்தையும் கொடுத்து, 'நானே பொறுப்பு' என்கிற மாதிரி எழுத்து அட்டையைத் திருத்தினார். அந்தக் காய்பாவாக நடித்தவர் யூதர். முப்பது வெள்ளிக்காசு வாங்கிய யூதாசாக நடித்தவர் அவருடைய சொந்த மகன். டிமில்லின் அம்மாவும் யூதக் குடும்பத்துப் பெண்தான். ஆக, வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்த்திருக்கலாம்.

யூதர்களின் பயத்தை மட்டும் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஐரோப்பாவில் ஏசு பட்ட பாடுகளை நடித்துக்காட்டும் நாடகம் நடந்த புனித வாரங்களில், பார்த்துவிட்டு வெளியே வந்த கூட்டம் யூதர் தெருவுக்குள் புகுந்த கதை ஒன்றிரண்டு அல்ல. ஜெர்மனியில் ஓபராமர்கௌ என்ற ஊரின் புகழ்பெற்ற நாடகத்தை ஹிட்லர் 1930-லும் 1934-லும் நேரில் போய்ப் பார்த்தார். பிடித்தும் போனது. அப்படிப்பட்ட ரசிகர் வாய்த்த கதையை எவன் மறுபடி எடுத்தாலும் வயிற்றில் புளி கரையாதா? ஏசுவின் சாவுக்கு யூத இனத்தையே பழிக்கக்கூடாது என்று வத்திக்கான் எழுதிக் கொடுத்ததே 1965-ல்தான்.

1988-ல் நாற்காலி மாறியது. 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்' வந்தது. இந்த முறை கோபம் கிறிஸ்தவர்களுக்கு. நாவல் எழுதிய கசன்ட்சாகிஸ் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மரபில் பிறந்தவர். திரைக்கதை எழுதிய பால் ஷ்ரேடர் கண்டிப்பான கால்வினியக் குடும்பத்துப் பிள்ளை. இயக்கிய ஸ்கார்சேசி கத்தோலிக்கர். மூன்று பேரும் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள். கூட்டம் போய் நின்றதோ தயாரிப்புக் கம்பெனியின் பெரிய முதலாளி லூ வாஸர்மேன் வீட்டு வாசலில், அவர் யூதர் என்பதால். பிரசாரகர் பில் பிரைட், செலவுத் தொகையைத் திரட்டித் தருகிறேன், பிரதிகளை எல்லாம் கொடுத்துவிடுங்கள், அழித்துவிடலாம் என்று பேரம் பேசினார். வினியோகஸ்தருக்கு இதைவிடப் பாதுகாப்பான வியாபாரம் அமையாது. கம்பெனி மறுத்துவிட்டது. அநேகம் பேர் படம் வெளிவரும் முன்பே கொதித்தவர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிறகு மெல் கிப்சன். கைக்காசு சுமார் 3 கோடி டாலர் போட்டு 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' எடுத்தார். 2003-லேயே சண்டை தொடங்கிவிட்டது. கத்தோலிக்க, யூத அறிஞர்கள் சேர்ந்து திரைக்கதைப் பிரதியைப் படித்துக் குறை சொன்னார்கள். அது திருட்டுப் பிரதி என்று கிப்சன் தரப்பு வழக்குப் போடப் பார்த்தது. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவை மன்னிப்புக் கேட்டது. அமெரிக்க யூத அமைப்பொன்றின் தலைவர் ஏப்ரஹாம் ஃபாக்ஸ்மேனுக்குப் படத்தைக் காட்ட மறுத்தார்கள். அவர் என்ன செய்தார்? ஒர்லாண்டோவில் போதகர்களுக்கு என்று வைத்த காட்சிக்கு, 'உண்மைத் திருச்சபை' என்று பொய்ப்பெயரில் பதிந்துகொண்டு உள்ளே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டார். இந்த வரலாற்றிலேயே எனக்குப் பிடித்த ஆள் இவர்தான். சண்டை போடுமுன் படம் பார்க்க இத்தனை பாடுபட்டவர் வேறு யார்?

போப் படத்தைப் பார்த்து, நடந்தது நடந்தபடியே இருக்கிறது என்று சொன்னதாகச் செய்தி வந்தது. அப்படிச் சொல்லவே இல்லை என்று அவருடைய செயலாளர் மறுத்தார். ஏசுவாக நடித்தவர் மேல் படப்பிடிப்பில் மின்னல் விழுந்தது. உதவி இயக்குநர் மேல் இரண்டு தடவை. இரண்டு கட்சியும் தமக்குச் சாதகமாக அர்த்தம் சொல்லிக்கொள்ள வசதி. மரியாளாக நடித்தவரோ ருமேனிய யூத நடிகை.

சிகரம் இனிமேல்தான். 'இவன் ரத்தப்பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும்' என்று கூட்டம் கத்துவதாக மத்தேயுவில் வருகிற இடம்தான் யூதர்களுக்கு நெஞ்சில் முள். எடுக்கச் சொன்னார்கள். கிப்சன் கீழே ஓடும் எழுத்தை மட்டும் எடுத்தார். வசனம் அராமிக்கில் அப்படியே ஒலித்தது. நம் சென்சார் சத்தத்தை அமுக்கி வாயசைவை விடும். அங்கே சத்தத்தை விட்டுவிட்டுப் புரிவதை அமுக்கினார்கள். இரு தரப்பும் அதோடு ஓய்ந்தார்களா என்றால் இல்லை. அதற்குள் படம் உலகம் முழுக்க 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

நம் ஊர் முறை 2006-ல் வந்தது. 'தி டாவின்சி கோட்'. டெல்லியில் மத்திய மந்திரி தாஸ்முன்ஷி கிறிஸ்தவப் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து பார்த்தார். கற்பனைக் கதை என்ற அறிவிப்போடு, 'ஏ' சான்றிதழோடு மே 26-ல் வெளிவந்தது. ஜூன் தொடக்கத்தில் தமிழக அரசு தடை போட்டது. முதல்வர் கலைஞர். கடவுள் மறுப்பாளர், 1952-ல் தாம் வசனம் எழுதிய 'பராசக்தி'யைத் தடை செய் என்ற கூச்சலைக் காதால் கேட்டவர். அவர் கையாலேயே ஏசுவின் மானம் காக்கப்பட்டது!

பொங்கலூர் பேக்கரியில் அப்போது நடந்த பேச்சு:

"ஏனுங்க, இங்கிலீஷ் படத்தை என்னமோ தடை பண்ணீட்டாங்களாமா?"

"ஆமாங்க. ஏசுநாதருக்குக் கல்யாணம் ஆன மாதிரி எடுத்துப்போட்டாங்களாம்."

"அப்படீங்களா? பொண்ணு எந்த ஊருங்க?"

கதைப்படி பொண்ணுக்கு ஊர் மகதலா என்று சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை. தடை வராவிட்டால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது. மறுநாளே பல்லடத்தில் டிவிடி கிடைக்குமா என்று ரெண்டு பேர் விசாரித்தார்கள்.

சோனி கம்பெனி நீதிமன்றம் போனது. 'ஒரே ஒரு கிராமத்திலே' பட வழக்கில் 1989-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கனவே வழி காட்டியிருந்தது: கலவரம் வரும் என்ற மிரட்டலுக்குப் பயந்து, சென்சார் அனுமதித்த படத்தை அரசு முடக்க முடியாது. நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் ஜூலையில் தடையை ரத்து செய்தார். அதே ஜூலைக் கடைசியில் மாலிபுவில் குடித்துவிட்டுக் கார் ஓட்டிய கிப்சன், பிடித்த போலீஸ்காரரிடம் யூதர்களைத் திட்டித் தீர்த்தார். போதை தெளிந்ததும் மன்னிப்புக் கேட்டார். திரைக்கதையைப் படித்துப் பயந்த அறிஞர்கள் அன்று என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஏசு உயிர்த்தெழுந்த கதையை இரண்டு பாகமாக எடுக்கிறார் கிப்சன். முதல் பாகம் 2027-ல் என்று அறிவித்திருக்கிறார்கள். தடை கேட்க இருப்பவர்களுக்கும், தடை போட இருக்கும் பெரியவர்களுக்கும் பொங்கலூரிலிருந்து ஒரு விண்ணப்பம்: இந்தத் தடவை முதலில் டிக்கெட் எடுத்துப் படத்தைப் பாருங்கள். உள்ளே விடாவிட்டால் ஃபாக்ஸ்மேன் வழி இருக்கிறது.