பொருள்: வேலைக்கு ஆள் தேவை, ஆள் தேவையில்லை – தொடர்பாக

அனுப்புநர்: தொலைதூர ரசிகன்
பெறுநர்: மாண்புமிகு அமெரிக்கக் காங்கிரஸ் அவையினர், வாஷிங்டன்
பார்வை: தங்கள் 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம்

ஐயா, அம்மா,

சட்டம் எழுதுவதில் தங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. அனுமதியின்றி வந்தவருக்கு அடைக்கலம் தந்தால் சிறை என்று பார்வையில் கண்ட சட்டத்தில் எழுதினீர்கள். கையோடு, வேலைக்கு வைத்துக்கொள்வது அடைக்கலம் ஆகாது என்றும் சேர்த்தீர்கள். டெக்சாஸ் பண்ணையார்களின் மனம் கோணலாமா? ஆக, வெயிலில் பருத்தி எடுக்க வைத்தால் குற்றமில்லை. இரக்கப்பட்டு ஒளித்து வைத்தால் கம்பி எண்ண வேண்டும்.

1986-இல் மனசு உறுத்தியதோ என்னவோ, தெரிந்தே வேலைக்கு வைப்பதும் குற்றம் என்றீர்கள். ஆனால் காட்டுகிற அட்டை பார்வைக்கு அசலாக இருந்தால் போதும். அன்றிலிருந்து முதலாளிமார் யாருக்கும் ஒன்றுமே தெரிவதில்லை.

எனக்குப் பிடித்தது அதற்கும் முந்தைய வித்தை. மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை 1942 முதல் 1964 வரை வரவழைத்தீர்களே, அந்தக் காலத்தில் கள்ளத்தனமாக வந்து பிடிபட்டவர்களை எல்லைவரை கூட்டிப்போய், அந்தப் பக்கம் ஒரு காலை வைக்கச் சொல்லி, காகிதம் கொடுத்துப் பண்ணைக்கே திருப்பி அனுப்பியதும் உண்டாம். காசியில் முழுகினால்கூட இத்தனை சீக்கிரம் பாவம் தீராது. 1954-இல் ஆட்களை வண்டி வண்டியாக ஏற்றி வெளியே தள்ளியபோதும் அந்த ஒப்பந்தம் நிற்கவில்லை.

கொரோனா வந்ததும் பண்ணையாட்கள் அத்தியாவசியத் தொழிலாளர் ஆனார்கள். ஊரே வீட்டுக்குள் கிடக்க, போலீஸ் மறித்தால் காட்டுவதற்கு முதலாளி தந்த கடிதம் அவர்கள் சட்டைப்பையில். வயலுக்குப் போக அது செல்லும். நாட்டில் இருக்கச் செல்லாது. கள்ளச் சமூகப் பாதுகாப்பு எண்ணில் வேலை பார்ப்பவர் சம்பளத்திலும் ஓய்வூதிய வரி தவறாமல் பிடித்தம் ஆகிறது. ஓய்வூதியம்தான் கிடையாது.

2025 ஜூனில் பண்ணைகளிலும் ஓட்டல்களிலும் சோதனை வேண்டாம் என்று குடியேற்ற அதிகாரிகளுக்கு உத்தரவு போனது. சில நாளில் வேண்டும் என்று மாறியது. அது வெள்ளை மாளிகையின் கைவரிசை, தங்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆயினும், ஸ்ட்ராபெரி பறிக்கும் பெண் எந்த நாளில் குனிந்து பறிக்க வேண்டும், எந்த நாளில் கூடையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று வருடத்துக்கு ஒரு பஞ்சாங்கம் வெளியிட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள ரசிகன்

நகல்: பண்ணை முதலாளிகளுக்கு, தகவலுக்காக. (தொழிலாளிக்கு நகல் அனுப்பவில்லை, முகவரி தங்களுக்குத் தெரிந்துவிடும்.)