சாந்தினி சௌக் பெயர்ப்பலகைகளில் நிழல் விழும் திசை: ஒரு வானியல் ஆய்வு

தில்லியில் நிழலை வைத்து நேரம் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 1724இல் இரண்டாம் ஜெய்சிங் எழுப்பிய ஜந்தர் மந்தரின் சாம்ராட் யந்திரம். மற்றொன்று கடைப் பெயர்ப்பலகை. முதலாவதைப் பற்றி நூல்கள் ஏராளம். இரண்டாவதை அறிஞர் உலகம் அண்ணாந்துகூடப் பார்த்ததில்லை.

பெயின்டர் எழுத்தை முடித்ததும் அதன் வலப்புறமும் கீழும் அடர்நிறத்தில் பட்டை இழுப்பார். எழுத்து பலகையைவிட்டு எழும்பி நிற்கும். அதாவது, வெயில் இடது மேல்மூலையிலிருந்து அடிக்கிறது. சிக்கல் இங்கேதான். சாந்தினி சௌக் கிழக்கே செங்கோட்டைப் பக்கம் தொடங்கி மேற்கே ஃபதேபுரி மசூதிவரை ஓடுகிறது. வடசாரிக் கடைகள் தெற்கு பார்த்தவை. முன்னே நிற்பவருக்கு இடப்பக்கம் மேற்கு. ஆகவே அங்கே என்றைக்கும் பிற்பகல். தென்சாரியிலோ இடப்பக்கம் கிழக்கு. வடக்கு பார்த்த சுவரில் காலை வெயில் படுவது கோடையை ஒட்டிய மாதங்களில் மட்டுமே. ஆகவே அங்கே எந்நாளும் கோடைக்காலை. தென்சாரிக் கடைக்காரர் "சாயங்காலம் வாங்க, சரக்கு வந்துரும்" என்று சொல்லும் சாயங்காலம் ஏன் வருவதே இல்லை என்பது இப்போது விளங்கும்.

இடப்புறம் நிழல் போடுவோரும் உண்டு. ரோமன் எழுத்துகள் பலவற்றுக்கு இடப்பக்கம் நேர்கோடு, பட்டை இழுப்பது சுலபம். கைவசதிக்காகச் சூரியனை இடம் மாற்றியவர்கள் என்பதால் இவர்களை ஆய்விலிருந்து விலக்கியாயிற்று.

நிழலெழுத்தை அச்சுக்கு முதலில் கொண்டுவந்தவர் லண்டனின் வின்சென்ட் ஃபிகின்ஸ், 1815இல். வெயிலே அபூர்வமான ஊரில் அது ஏக்கம். 45 பாகை காயும் தில்லியில் எழுத்துக்கும் ஒதுங்க நிழல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பின்னர் ஃப்ளெக்ஸ் வந்தது, தூரிகைகள் காய்ந்தன. 2024இல் மறைந்த வடிவமைப்பாளர் ஹனீஃப் குரேஷி, 2010களின் தொடக்கத்தில் பெயின்டர்களை எழுதச் சொல்லி, அந்த எழுத்துகளைக் கணினி எழுத்துருக்களாக்கினார். அவர்களில் தில்லிக்காரர் ஒருவரின் எழுத்துக்குப் பெயர் 'பெயின்டர் கஃபீல்'. ஹெல்வெட்டிகா என்ற எழுத்துருவின் பெயர் ஒரு நாட்டின் பெயரிலிருந்து வந்தது; இது எழுதியவரின் பெயர். எது கௌரவம் என்பதில் இந்த ஆய்வாளருக்கு ஐயமில்லை.

ஆனால் ஆய்வுக்கு அது புதுத் தலைவலி. பலகை ஆணியில் நிற்கும், மடிக்கணினி நிற்காது. வடக்கே பார்த்து உட்கார்ந்து நிழலெழுத்தைத் திறந்தால் பிற்பகல், தெற்கே திரும்பினால் கோடைக்காலை. மெட்ரோவில் திறந்தால், தடம் வளைய வளைய, ராஜீவ் சௌக் வருவதற்குள் இரண்டு நாள் கழிந்துவிடுகிறது.