ஓரத்தில் ஒரு பென்சில்

ப்ளஸ் டூ பரீட்சை முடிந்து ரிசல்ட் வராத இரண்டு மாதம் இருக்கிறதே, அப்போது வீட்டில் யாரும் ஒரு வேலை ஏவமாட்டார்கள். ஏவினாலும் நாம் செய்யமாட்டோம். எனக்கு அந்தப் பொற்காலம் 1980 கோடையில், பாளையங்கோட்டையில் வாய்த்தது.

தெரு முனையில் ஒரு லெண்டிங் லைப்ரரி. பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சைக்கிள் கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் நடுவே ஒரு கதவு அகலம், மூன்று சுவரிலும் பலகை, வாசலில் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் அண்ணாச்சி. ஐந்து ரூபாய் டெபாசிட். தமிழ்ப் புத்தகத்துக்கு நாளுக்குப் பத்துப் பைசா, இங்கிலீஷ் புத்தகத்துக்கு இருபத்தைந்து. அதற்கு மட்டும் ஏன் அதிகம் என்று கேட்டால், "தடியா இருக்குல்லா" என்பார்.

அங்கே இருந்த தடிகளிலேயே பெருந்தடி, வில்பர் ஸ்மித் எழுதிய 'தி சன்பேர்ட்'. 1972இல் வந்த நாவல். என் கைக்கு வந்தபோது சொந்த அட்டையை இழந்து, காக்கி அட்டையும் கோந்துமாக மறுபிறவி எடுத்திருந்தது. பென் காசின் என்று ஒரு தொல்லியல் ஆராய்ச்சியாளர், முதுகில் கூன், கூடவே கோடீஸ்வர நண்பன். வானிலிருந்து எடுத்த ஒரு புகைப்படத்தில், போட்ஸ்வானாவில், மண்ணுக்குள் போன ஒரு நகரத்தின் தடம் தெரிகிறது. தோண்டப் போகிறார்கள். கார்த்தேஜிலிருந்து வந்தவர்கள் ஆப்பிரிக்காவின் நடுவே கட்டிய ஓபெட் நகரம் அது. ஆசிரியர் அதோடு விட்டாரா? புத்தகத்தின் பிற்பாதியில் நம்மைப் பிடரியைப் பிடித்து இரண்டாயிரம் வருஷம் பின்னால் தள்ளி, அந்த நகரத்து ராஜாவையும் கோடரி ஏந்திய பூசாரியையும் நேரிலேயே காட்டிவிடுகிறார். மூன்று நாளில் முடித்தேன். முக்கால் ரூபாய்.

அப்போதெல்லாம் ஒரு புத்தகத்தைப் பற்றிய கருத்து அந்தப் புத்தகத்திலேயே இருக்கும், பென்சிலில். பின்னட்டையின் உள்பக்கம்தான் தீர்ப்பு மன்றம். "முதல் பாதி டாப். ரெண்டாம் பாதி அறுவை" என்று ஒருவர். அதன் கீழேயே வேறு கையெழுத்தில், "அப்படின்னா அம்புலிமாமா படி." மூன்றாமவர், "271ஆம் பக்கத்தைக் கிழித்தவன் விளங்கமாட்டான்" என்று சாபம். நாலாமவர் இந்த வம்பில் எதிலும் தலையிடாமல், ஓர் ஓரமாகப் பால் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

நான் சும்மா இருப்பேனா? வயது பதினேழு. "உலக சரித்திரத்தில் மறைக்கப்பட்ட உண்மையைத் துணிந்து சொன்ன மாபெரும் நாவல். நிபுணர்கள் கண் திறக்கட்டும்!!!" என்று எழுதினேன். அந்த நிபுணர்கள் யார், எந்த ஊர், அவர்கள் கண் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்றெல்லாம் எனக்குத் தெரியாது. கதாநாயகருக்கு அவர்கள் ஆகாதவர்கள். அது போதும்.

புத்தகத்தின் நடுவே இன்னொரு பென்சில் எழுத்தும் இருந்தது. இந்தக் கல்நகரத்தைக் கட்டியவர்கள் கடல் கடந்து வந்தவர்கள்தான் என்று பேச்சு வருகிற இடத்தில், பக்க ஓரத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில்: "ஏன், அந்த ஊர்க்காரங்களே கட்டியிருக்கக் கூடாதா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. நல்ல சினிமாவில் பக்கத்து சீட்டுக்காரர் இருமுகிற மாதிரி.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அண்ணாச்சி பின்னட்டையைப் பிரித்தார்.

"யாருல இங்க கிறுக்கி வச்சிருக்கது?"

"நான் இல்ல அண்ணாச்சி."

"மூணு ஆச்சரியக்குறி போட்டிருக்கே, இது உன் கையெழுத்துல்லா? நோட்டுல தினம் பாக்கேன்."

மேசை டிராயரிலிருந்து பாதி தேய்ந்த ரப்பர் ஒன்றை எடுத்துப் போட்டார். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போ. இல்லன்னா டெபாசிட்ல ஒரு ரூவா பிடிச்சிருவேன்."

படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் அழித்தேன். டாப் போனது, அறுவை போனது, அம்புலிமாமா போனது, பால் கணக்கு போனது. நடுப்பக்கத்துப் பொடி எழுத்தை அண்ணாச்சி பார்த்திருக்கவே இல்லை. ஆனாலும் தேடிப் போய் அழித்தேன். காகிதம் பொத்துப்போகும் அளவுக்குத் தேய்த்தேன். என்னுடையதை மட்டும் பூப்போல ஒரு தடவு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இன்னும் படிக்கலாம். ஒரு புத்தகத்துக்கு ஒரு கருத்து மிஞ்சினால் போதாதா?

அதே விடுமுறையில் ஆச்சிக்கும் ஒரு கதை சொன்னேன். ஓபெட் நகரம் ஆச்சிக்குத் தாங்காது என்று, ரைடர் ஹாக்கார்டு 1885இல் எழுதிய 'சாலொமோன் ராஜாவின் சுரங்கங்கள்' கதை. இந்தக் கதை வகைக்கே கொள்ளுத்தாத்தா அதுதான். பள்ளியில் கிடைத்த சுருக்கப் பதிப்பைப் படித்திருந்தேன். வெள்ளைக்காரர்கள் மூன்று பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் கையிலுள்ள பஞ்சாங்கத்தில் கிரகணம் வருகிறது. "நாங்கள் வானத்தையே இருட்டாக்குவோம்" என்று மிரட்டித் தப்பிக்கிறார்கள். புத்தகத்தில் இருந்தது சந்திர கிரகணம். ராத்திரி இருட்டுவதில் என்ன பெரிய சாகசம்? நான் அதைப் பட்டப்பகல் சூரிய கிரகணமாக மாற்றிவிட்டேன். முதல் நாள் ராத்திரி பால் போல நிலா காய்ந்ததையும் விடாமல் வர்ணித்தேன்.

ஆச்சி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தினாள்.

"பௌர்ணமிக்கு மறுநா சூரிய கிரகணமால? அமாவாசைக்குல்லா வரும்?"

பிப்ரவரி 16ஆம் தேதிதான் சூரிய கிரகணம் வந்து போயிருந்தது. ஹைதராபாத் பக்கம் முழுசாக இருட்டியதாம். எங்களுக்குச் சூரியனில் ஒரு பகுதிதான் போனது. அதற்கே தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, ஊறுகாய் ஜாடியிலிருந்து தண்ணீர்ப் பானை வரை தர்ப்பை போட்டு வைத்தோம். அமாவாசை ஆச்சிக்கு மறந்துபோகுமா?

"கதைதானே ஆச்சி" என்றேன்.

"கதைன்னா? அந்த வெள்ளைக்காரன் கையில இருந்தது போன வருசத்துப் பஞ்சாங்கமா இருக்கும். அதை வச்சு ஏமாத்தப் பாத்திருக்கான். இவனுக்குப் போயி புதையல் வேற." வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். விமர்சனம் முடிந்தது.

பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது: ஹாக்கார்டே முதலில் சூரிய கிரகணம் என்றுதான் எழுதியிருக்கிறார். அவர் எழுதியபடி வானத்தில் நடக்காது என்று தெரிந்த பிறகு, பிந்தைய பதிப்புகளில் அதைச் சந்திர கிரகணமாக்கிவிட்டார். அச்சுக்குப் போகும் முன் கைப்பிரதியை ஆச்சியிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டியிருந்தால் வேலை மிச்சம்.

சித்திரை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். ரேடியோவில் செய்தி: ரொடீசியா இன்று முதல் ஜிம்பாப்வே, புது நாடு. என் மடியில் சன்பேர்ட். பெயர் நன்றாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினேன். அந்தப் பெயர் வந்ததே ஒரு கல்நகர இடிபாட்டிலிருந்து. அந்த இடிபாட்டைப் பற்றிய பழைய வதந்தியின் மேல்தான் என் மடியிலுள்ள கதை உட்கார்ந்திருந்தது. ரேடியோவுக்கும் மடிக்கும் நடுவே இரண்டு முழ தூரம். எனக்கு அதைக் கடக்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இப்போது சென்னையில், அடுக்ககத்தில் இருக்கிறேன். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு கிளப் ஹவுஸில் வாசிப்பு வட்டம். சமோசா உண்டு. போன மாதம் என் முறை. இளமைக் காதலியை வீட்டாருக்கு அறிமுகம் செய்கிற பெருமையோடு சன்பேர்டை முன்மொழிந்தேன். அறிமுகத்துக்கு முன் நானும் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று மறுபடி படித்தேன். மனுஷன் கதை சொல்லத் தெரிந்தவர், அதில் இன்றைக்கும் மாற்றமில்லை. முதல் நூறு பக்கம் கீழே வைக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் உறுத்தல். நடுவில் அந்த நிஜ இடிபாட்டைப் பற்றிக் கொஞ்சம் படித்துத் தொலைத்திருந்தேன்.

1871இல் கார்ல் மாவ்ஹ் என்ற ஜெர்மானியர் மகா ஜிம்பாப்வே என்ற அந்த இடிபாட்டுக்குப் போனார். சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கி, சில இடங்களில் பதினோரு மீட்டர் வரை எழும்பிய சுவர். வாசல் உத்தரத்திலிருந்து ஒரு சிம்பு மரத்தைச் சீவி எடுத்தார். தன் பையிலிருந்த பென்சிலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பென்சில் மரமும் இதுவும் ஒன்று போல இருந்தது. பென்சில் கேதுரு மரம். ஆகவே இது லீபனோனின் கேதுரு. ஆகவே கொண்டுவந்தவர்கள் ஃபினீஷியர்கள். ஆகவே இது சேபா ராணியின் அரண்மனை! ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு இத்தனை தூரம் போனவர் வேறு யாரும் உண்டா? உண்டு, மூன்று ஆச்சரியக்குறியோடு நான்.

1905இல் டேவிட் ராண்டல்-மெக்கைவர் தோண்டிப் பார்த்து, இது ஆப்பிரிக்கர்களே இடைக்காலத்தில் கட்டியது என்றார். நம்ப மனமில்லாதவர்களுக்காக 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்ப்சன் மறுபடி தோண்டி அதையே சொன்னார். இன்றைய ஷோனா மக்களின் முன்னோர்கள் கட்டியது. ஆக, நிபுணர்களின் கண் நான் பிறப்பதற்கு ரொம்ப முன்பே திறந்துதான் இருந்திருக்கிறது.

எனக்கு இதில் உறைத்தது வேறு. நாவலில், உலகமே ஏளனம் செய்ய, தன் கட்சியைக் கட்டிப்பிடித்து நிற்கிற பாவப்பட்ட ஆராய்ச்சியாளர் வெளியார் கட்சிக்காரர். நிஜ ரொடீசியாவில் நடந்தது நேர் தலைகீழ். ஆப்பிரிக்கர்கள் கட்டியது என்று வெளிப்படையாகச் சொல்லக் கூடாதென்று இயன் ஸ்மித்தின் வெள்ளையர் அரசு நெருக்கியது. (இவருக்கும் நாவலாசிரியருக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.) அங்கே நினைவுச் சின்னங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பீட்டர் கார்லேக் 1970இல் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. இரண்டே வருஷத்தில் நாவல் வருகிறது. பாளையங்கோட்டையில் ஒரு பையன் ஐம்பது காசு ரப்பரை வைத்துக்கொண்டு மிச்ச வேலையை முடிக்கிறான்.

வட்டத்தன்று எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன். முதலில் மற்றவர்கள் கருத்து. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, "அஞ்சுக்கு மூணரை" என்றார். அந்த அரை எதற்கு என்றால், கூன் முதுகுக்காரர் மேல் இரக்கமாம். எதிர் பிளாட் தம்பி புத்தகத்தைப் படிக்கவில்லை. நடந்துகொண்டே ஒன்றே முக்கால் வேகத்தில் கேட்டிருக்கிறார். "ரொம்ப ஸ்லோ அங்கிள்" என்றார். மூன்றாம் மாடி அம்மா, பெண்களுக்கு இதில் அழகாக இருப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை என்றார். அது சரியான பேச்சு, யாரும் காதில் வாங்கவில்லை. அன்றைய டாப் இன்றைக்குச் செம ஆகியிருக்கிறது, அறுவை மொக்கையாகியிருக்கிறது. பால் கணக்குக்குத்தான் இப்போது இடமில்லை.

பிறகு நான் மாவ்ஹையும் பென்சிலையும் எடுத்துவிட்டேன். சிரித்தார்கள். அங்கே சீனப் பீங்கானும் இந்தியக் கண்ணாடி மணிகளும் கிடைத்ததைச் சொன்னேன். வினை அங்கேதான்.

"இருங்க சார்" என்று நிமிர்ந்தார் செயலாளர். "நம்ம மணி அங்க இருக்குன்னா நம்மாளு போயிருக்கான். போனவன் மணியை வித்துட்டு சும்மாவா வந்திருப்பான்? கட்டிக் குடுத்திருப்பான். தஞ்சாவூர் கட்டுனவனுக்கு இது ஒரு வேலையா?"

கைத்தட்டல். வெளியே சொல்லக் கூடாது, ஒரு நொடி எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. அதே கணக்கில் பீங்கானைப் பிடித்துக்கொண்டு சீனாவில் ஒரு வாசிப்பு வட்டமும் கைதட்டிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றிய பிறகே இறங்கியது.

"இல்ல சார், அந்த ஊர்க்காரங்களேதான் கட்டினாங்க" என்றேன்.

சமோசாத் தட்டு ஒரு சுற்று போய் வந்தது. எதிர் பிளாட் தம்பிதான் வாயைத் திறந்தார். "அந்த ஊர்க்காரங்களே கட்டினாங்கன்னா அப்புறம் இதுல என்ன அங்கிள் மர்மம்? த்ரில்லே போச்சே."

பதில் சொல்ல வாயெடுத்தேன். என் பதினேழு வயது, மீசை முளைக்காமல், எதிரே உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டிருந்தது. அதனிடம் என்ன பேசுவது? அடுத்த மாதப் புத்தகத்துக்குப் போய்விட்டார்கள். சோழர் கால ரகசியச் சுரங்கம் ஒன்றைப் பற்றிய த்ரில்லராம். செம என்று கேள்வி.

வீட்டுக்கு வந்து என் பிரதியை எடுத்தேன். அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. ஓரம் வெள்ளையாக இருந்தது. பேத்தியின் ஜியாமெட்ரி பாக்ஸில் பென்சில் இருந்தது, முனை இல்லை. பிளேடால் சீவினேன். பொடி எழுத்தில், முடிந்தவரை அந்தக் கையெழுத்தின் சாயலிலேயே எழுதினேன்: "ஏன், அந்த ஊர்க்காரங்களே கட்டியிருக்கக் கூடாதா?"

சீவல் ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. முகர்ந்து பார்த்தேன். லீபனோன் கேதுரு. சந்தேகமே இல்லை.